கல்குவாரி நிலத்தில் மறுபடி செடி வளர்ப்பது எப்படி? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. கல் எடுப்பது நின்ற பிறகு அதைக் குப்பை கொட்டும் இடமாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அதைத் திருத்த ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது குன்னூர், குந்தா, கூடலூர் பக்கத்திலிருந்தெல்லாம், சில சமயம் கொடைக்கானலிலிருந்தும், "எங்க ஊர்லயும் ஒரு குவாரி இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள் என்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

குவாரி மூடி இருபது வருஷம் ஆச்சு. சும்மா விட்டால் தானாகப் பச்சையாகிவிடாதா?

பச்சை வரும், என்ன பச்சை என்பதில்தான் சிக்கல். மேல்மண் முழுவதும் போய், வண்டிகள் ஓடி ஓடித் தரை தார்ரோடு மாதிரி இறுகிப்போன இடத்தில், முதலில் வந்து உட்காருவது உன்னிச்செடியும் (லந்தானா), சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரமும்தான். ஈரமான ஓரங்களில் கிகூயூ என்ற வெளிநாட்டுப் புல் படரும், ரோட்டோரமாகப் பார்த்தீனியம் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் "ஆகா, மூடிக்கிச்சே" என்று தோன்றும். கிட்டே போய் உன்னிப் புதரை விலக்கிப் பாருங்கள். அடியில் வெறும் கல் தூள்தான் இருக்கும், வேறு ஒரு செடிகூட இருக்காது, மழைத் தண்ணீர் முன்பு போலவே அரித்துக்கொண்டு ஓடும்.

ஆனால் சும்மா விட்டு நல்லபடியாக வந்த இடங்களும் உண்டு. குவாரிக்கு மேல் பக்கம் பழைய புல்வெளியோ சோலைக்காடோ ஒட்டியபடி மிஞ்சியிருந்து, தரையும் அதிகம் இறுகாமல் இருந்தால், விதை தானாக இறங்கி வரும். அப்படிப்பட்ட இடத்தில் களை எடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாதீர்கள். அதனால் முதல் ஒரு வருஷம் வெறுமனே பார்ப்பதற்கு என்றே ஒதுக்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

எத்தனை மரக்கன்று தேவைப்படும்?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நாங்களும் இதைத்தான் முதலில் கேட்டோம். முதல் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், குவாரித் தரையில் கடப்பாரையால் குழி குத்தி நானூறு மரக்கன்றுகள் நட்டோம். அடுத்த மார்ச்சில் எண்ணினால் முப்பத்துச் சொச்சம்தான் உயிரோடு இருந்தன. காய்ந்து போயிருக்கும் என்று நினைத்துப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் அழுகியிருந்தது. கடப்பாரைக் குழி கல்லில் குடைந்த குண்டான் மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது, மழைக்காலம் முழுக்கச் செடி அந்தத் தண்ணீருக்குள்ளேயே நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பிறகு என்னிடம் "என் செடி எது மாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னால் காட்ட முடியவில்லை.

ஆகவே மரத்தை எண்ணுவதை முதலில் விடுங்கள். நீலகிரி, பழனி மலைகளின் மேல்மட்டம் இயற்கையிலேயே முழுக்கக் காடாக இருந்ததில்லை. மலை மடிப்புகளில், ஓடை வரும் இடங்களில் சோலை இருக்கும். திறந்த சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி இருக்கும். "வெறுமனே கிடக்கிறதே" என்று நினைத்து அந்தப் புல்வெளியில்தான் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் பைனையும் நட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக நட்டார்கள். பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் 1973-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்குக் காட்டினார்கள். அந்தப் புல்வெளிதான் மழையை மெதுவாக உறிஞ்சிக் கோடையில் ஓடைக்கு விடுகிற பஞ்சு.

உங்கள் குவாரி ஒரு முகட்டிலோ திறந்த சரிவிலோ இருந்தால் அங்கே திரும்ப வரவேண்டியது புல். மடிப்புக்குள் இருந்தால், அதுவும் ஐந்தாறு வருஷம் கழித்து, சோலை மரம். ஊரில் எண்பது வயதுக்கு மேற்பட்ட யாராவது இருந்தால் குவாரிக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர், "அங்க மாடு மேய்ப்போம், மரம் ஏது?" என்றார். அந்த ஒரு வரி எங்கள் திட்டத்தையே மாற்றியது.

சரி, வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

தண்ணீரிலிருந்து. நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு குவாரிக்குப் போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது என்று பார்த்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். வெயில் காலத்தில் போட்ட திட்டமெல்லாம் அந்த ஒரு மழையில் மாறிவிடும். மின்னல் இருந்தால் போகாதீர்கள், பாறை முகத்துக்கு நேர் கீழேயும் நிற்காதீர்கள்.

பிறகு குவாரியின் தலைப்பக்கத்தில், வெட்டிய விளிம்புக்குச் சில மீட்டர் மேலே, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி விடுகிற ஒரு வாய்க்கால் எடுக்க வேண்டும். திருப்பிய தண்ணீர் கீழே யாருடைய வீட்டுக்கோ தோட்டத்துக்கோ போகாமல், ஏற்கெனவே இருக்கிற ஓடையில் போய்ச் சேர வேண்டும். இதில் கவனக்குறைவு கூடாது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் உங்கள் குவாரிக்கும் வரும் என்று நினைத்துத்தான் வாய்க்கால் வெட்ட வேண்டும். சரிவுக்குக் கீழே வீடுகள் இருந்தாலோ, வெட்டு முகத்தில் ஊற்று கசிந்தாலோ, மண்ணியல் தெரிந்த ஒருவர் வந்து பார்க்காமல் மண்வெட்டியைக் கையில் எடுக்காதீர்கள்.

அதன் பிறகு உள்ளே அரித்து ஓடுகிற சிறு ஓடைகளில், அங்கேயே கிடக்கிற கற்களை அடுக்கி, முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு வையுங்கள். சிமென்ட் வேண்டாம். தண்ணீர் கசிந்து போக வேண்டும், மண் மட்டும் நிற்க வேண்டும். ஒரே மழைக்காலத்தில் அந்தத் தடுப்புக்குப் பின்னால் நாலு விரல் வண்டல் சேர்ந்துவிடும். நாங்கள் தூக்கிவந்து கொட்டிய மண்ணில் முளைத்ததைவிட அந்த வண்டலில் தானாக முளைத்தது அதிகம்.

மூன்றாவது, இறுகிய தரை. ஒரு அடிக் குழி தோண்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் வந்து பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் எந்த வேரும் அதற்குள் இறங்காது. ஒன்றரை, இரண்டு அடி ஆழத்துக்குத் தரையைப் பிளந்து விட வேண்டும், அதுவும் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில். மேலிருந்து கீழாகப் பிளந்தால் நீங்களே அரிப்புக்கு வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிளந்ததைச் சமன் செய்யவும் வேண்டாம். கரடுமுரடாக இருக்கட்டும், பள்ளங்களில்தான் விதையும் சருகும் ஈரமும் தங்கும்.

மேல்மண் இல்லை. மண் எங்கிருந்து கொண்டுவருவது?

குவாரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இப்போதே போய்ப் பேசுங்கள். புதிதாகத் திறக்கும் இடத்தில் மேலே உள்ள கறுப்பு மண்ணைத் தனியாக வழித்து, ஆள் உயரத்துக்கு மேல் போகாத குவியலாக வைத்து, கூடிய சீக்கிரம் வேலை முடிந்த பக்கத்தில் பரப்பச் சொல்லுங்கள். உயரமாகக் குவித்து வருஷக்கணக்கில் போட்டால் உள்ளே காற்று போகாமல், அந்த மண்ணில் இருக்கிற விதையும் பூஞ்சைகளும் செத்துவிடும், பிறகு அதற்கும் கல் தூளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய குவாரி என்றால், வெளியிலிருந்து மண் கொண்டுவரும் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மலையைச் சுரண்டி இந்த மலையை மூடுவதில் என்ன நியாயம்? காய்கறித் தோட்டத்து மண் என்றால் அதோடு உரமும் களை விதையும் வரும், சதுப்பு மண்ணை எடுத்தால் ஒரு நீரூற்றையே கொன்றுவிடுவீர்கள். கட்டட இடிபாடு சுத்தமாகக் கூடாது. இங்கே மண் புளிப்பு மண், நம் செடிகள் அந்தப் புளிப்புக்குப் பழகியவை, சிமென்ட்டும் சுண்ணாம்பும் அதைக் கெடுத்துவிடும்.

நாங்கள் செய்தது இதுதான். குவாரி ஓரத்திலேயே ஆரம்ப காலத்தில் ஒதுக்கித் தள்ளிய கழிவு மண் மேடாகக் கிடந்தது. அதைத் தரை முழுக்க மெல்லிசாகப் பரப்பாமல், திட்டுத் திட்டாக, ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அளவு, முக்கால் அடி கனத்துக்குப் போட்டோம். மக்கிய சாணமும் தேயிலைக் கவாத்துக் குச்சிகளும் மேலே மூடாக்கு. ஒவ்வொரு திட்டுக்கும் பக்கத்துப் புல்வெளியிலிருந்து (பட்டா நிலம், சொந்தக்காரரைக் கேட்டுத்தான்) ஒரு கைப்பிடி மண். அந்தக் கைப்பிடியில் வரும் பூஞ்சைகள் வேரோடு சேர்ந்து வேலை செய்யும். திட்டுகளிலிருந்து புல் மெல்ல வெளியே பரவி ஒன்றையொன்று தொட ஏழு வருஷம் ஆனது.

புல்லை எப்படி நடுவது? விதைத்தால் போதாதா?

விதைக்கவும் செய்யலாம். மலைப்புற்கள் மழை முடிந்து விதை கட்டும்போது, கதிர் பழுப்பாகி, கையால் உருவினால் உதிர்கிற பக்குவத்தில் சேகரித்து, நிழலில் உலர்த்தி, அடுத்த மழைக்குத் தூவ வேண்டும். இவற்றில் பதர் அதிகம். சரிவில் தூவினால் முதல் மழையே கீழே கொண்டு போய்விடும், தென்னை நார் வலை விரித்து அதற்கடியில் தூவினால் ஓரளவு நிற்கும்.

எங்களுக்குக் கைகொடுத்தது தூர் பிரித்து நடுவதுதான். புல் தூரை மண்ணோடு தோண்டி எடுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி ஆட்டினால் மண் கரைந்து வேர் தெரியும். இரண்டு கையாலும் பிடித்துப் பிட்டுக்குப் பிட்டாகப் பிரியுங்கள், கத்தி போடாதீர்கள். ஒவ்வொரு பிடியிலும் பத்துப் பதினைந்து தண்டாவது இருக்க வேண்டும், ஒன்றிரண்டு தண்டாகப் பிரித்தால் பிழைக்காது. இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிட வேண்டும். குழியில் வைத்து மண் தள்ளிக் குதிகாலால் நன்றாக மிதித்து, பிறகு ஒரு இலையை மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை அறுந்தால் நட்டது சரி, தூரே வந்துவிட்டால் மறுபடி நடுங்கள். இந்தச் சோதனையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேலைக்கு வந்த ஒரு அக்கா. தேயிலை நாற்று நட்டுப் பழகியவர்.

ஒரு அடிக்கு ஒன்று என்று நட்டால் ஒரு சென்ட்டுக்கு 435 பிடி வேண்டும், ஒரு ஏக்கருக்கு 43,000-க்கு மேல். அத்தனையையும் புல்வெளியிலிருந்து தோண்டினால் அந்தப் புல்வெளி அழிந்துவிடும். அதனால் முதல் வருஷம் சில நூறு தூர் மட்டும், ரோடு அகலப்படுத்தும் இடம், வீடு கட்டும் இடம் போன்ற எப்படியும் அழியப்போகிற பக்கமாகப் பார்த்து, உரியவர்களின் சம்மதத்தோடு எடுத்து, நாற்றங்காலில் வைத்துப் பெருக்குங்கள். ஒரு தூர் ஒரு வருஷத்தில் நாலைந்து பிடியாகிவிடும். காப்புக்காட்டிலிருந்து ஒரு தூர்கூட எடுக்காதீர்கள், அது குற்றம்.

எந்தப் புல் என்றால், உங்கள் குவாரியைச் சுற்றி அதே உயரத்தில் பிழைத்து நிற்கிற புல். தெமெடா, கிரைசோபோகன், யூலாலியா என்று தாவரவியல்காரர்கள் சொல்லும் வகைகள், கிள்ளி மோந்தால் எலுமிச்சை வாசம் வருகிற புல், இப்படி ஐந்தாறு வகை கலந்து நடுங்கள். ஒரே வகையை நட்டால் அது வயல், புல்வெளி ஆகாது.

நடுவதற்கு எது சரியான மாதம்?

எந்தப் பக்கத்து மலை என்பதைப் பொறுத்தது. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவம்தான் முக்கியம், அங்கே ஜூன், ஜூலை. கோத்தகிரி, குன்னூரின் கிழக்குச் சரிவுகளும் பழனி மலையும் வடகிழக்குப் பருவத்தை நம்பி இருப்பவை, அங்கே செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. நவம்பர் பாதிக்குள் முடித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி கொட்டும், வேர் பிடிக்காத நாற்று ஒரே இரவில் கருகிவிடும்.

சீகை, கற்பூர மரம் நட்டால் மூன்றே வருஷத்தில் மூடிவிடுமே?

மூடிவிடும். அதற்காகத்தான் பலர் நடுகிறார்கள், "குவாரியைப் பசுமையாக்கினோம்" என்று படம் எடுக்க அது வசதி. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சீகை காற்றிலிருந்து நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு காத்திருக்கும், ஒரு தீ வந்தால் ஆயிரக்கணக்கில் முளைக்கும். உங்கள் குவாரியில் நட்ட பத்துச் சீகை உங்கள் பேரன் காலத்தில் பக்கத்துப் புல்வெளியைத் தின்றிருக்கும். கற்பூர மரம் ஓங்கி வளர ஓங்கி வளரத் தண்ணீரையும் இழுக்கும். ஆழமில்லாத மண்ணில், பாறை மேல் நிற்கிற உயரமான மரம் காற்றில் சாயும்போது, கஷ்டப்பட்டுச் சேர்த்த மண்ணையும் வேரோடு பெயர்த்துக்கொண்டு விழும்.

ஏற்கெனவே சீகை வளர்ந்து நிற்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் பல வருஷம் சோலைச் செடிகளை வளர்த்த ராபர்ட் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் இருவரும், பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்து வருவதைக் கவனித்துச் சொன்னார்கள். உங்கள் சீகைக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். நாவல் வகைகளோ காட்டுச்செண்பகமோ வேறு சோலை நாற்றோ இருந்தால், சீகையை ஒரு வயதான காவலாளி மாதிரி நினைத்து விட்டுவிடுங்கள். நாற்று நெஞ்சு உயரம் வந்த பிறகு ஒவ்வொரு மரமாக எடுக்கலாம். ஒரேயடியாக வெட்டினால் வெயில் இறங்கி, மண்ணில் தூங்கும் சீகை விதை முழுவதும் எழுந்துவிடும்.

புல்வெளியாக வேண்டிய சரிவில் என்றால் எடுக்கத்தான் வேண்டும். விரல் கனத்துக்குக் கீழே உள்ள கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையாலேயே வேரோடு பிடுங்கலாம். பெரிய மரத்தை வெட்டுவதென்றால், உங்கள் பட்டா நிலத்திலேயே இருந்தாலும், முதலில் வனத்துறையில் கேளுங்கள், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது. வெள்ளிச் சீகையை வெட்டினால் வேரிலிருந்து சுற்றிச் சுற்றி முளைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வெட்டுவது ஒரு நாள் வேலை, முளைப்பதைப் பிடுங்குவது ஐந்து வருஷ வேலை.

வெட்டிவேர் நடச் சொல்கிறார்களே?

மலையடிவாரத்திலும், பர்லியாறு மாதிரி தாழ்வான, சூடான இடங்களிலும் நன்றாகப் பிடிக்கும், சரிவைத் தாங்கும். மேலே, உறைபனி விழும் உயரத்தில் அது திணறும். அங்கே அதே வேலையை நம் மலைப்புல் தூர்கள் செய்யும், கொஞ்சம் மெதுவாக. கோத்தகிரிக்குக் கீழ், கிழக்குப் பக்கத்து வறண்ட சரிவுகளில் விராலியும் நல்ல தேர்வு. மாடு ஆடு அதைத் தொடாது, பாறை இடுக்கிலும் நிற்கும்.

விதைப்பந்து? மியாவாக்கி?

இரண்டும் வேண்டாம். விதைப்பந்து கல் தரையில் விழுந்தால் காய்ந்த களிமண் உருண்டையாகவே கிடக்கும், அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் சமவெளியின் வேம்பும் புங்கமும்தான். மியாவாக்கி, அதாவது மரங்களை நெருக்கி நடும் முறையில், ஆழமான மண்ணும் உரமும் வேண்டும், முடிவில் கிடைப்பது அடர்ந்த காடு. புல்வெளி இருந்த சரிவுக்கு அது பொருந்தாது.

யூரியா, கலப்பு உரம் போட்டால் சீக்கிரம் வளராதா?

சீக்கிரம் வளரும், களை. மலைப்புற்கள் ஏழை மண்ணுக்குப் பழகியவை. உரம் கிடைத்தால் முந்திக்கொள்வது கிகூயூவும் பார்த்தீனியமும்தான். தேயிலைக்காரர்கள் நாம், பச்சை குறைந்தால் கை தானாக உர மூட்டையைத் தேடும். இந்த ஒரு இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மண்ணில் நைட்ரஜன் வேண்டுமானால் கிலுகிலுப்பை மாதிரி, இங்கேயே இருக்கிற பயறு இனச் செடிகளின் விதையைத் தூவுங்கள்.

செங்குத்தான பாறை முகத்தை எப்படி மூடுவது?

ஏன் மூட வேண்டும்? நிலையாக நிற்கிற பாறை முகம் ஒரு வாழிடம். கொம்பன் ஆந்தை பாறை விளிம்புகளில் முட்டையிடும், மலைத்தேனீ கூடு கட்டும். எங்கள் குவாரியில் தண்ணீர் கசிகிற பக்கத்தில் முதலில் பாசி வந்தது, பிறகு பெரணி, அப்புறம் காசித்தும்பை இனச் செடிகள் தாமாகவே வந்து தொங்குகின்றன. அங்கே நாங்கள் கை வைக்கவே இல்லை. தளர்ந்து தொங்கும் கற்களை மட்டும், விவரம் தெரிந்தவர்களை வைத்து, கீழே ஆள் இல்லாதபோது தட்டி விழ வையுங்கள். படிக்கட்டு மாதிரி வெட்டிய குவாரி என்றால் ஒவ்வொரு படியிலும் விளிம்பில் கல் அடுக்கி, உள்பக்கம் மண் போட்டு, தவிட்டுப்பழம், காட்டுப்பூவரசு போன்ற குத்துச்செடிகளையும் சிறு மரங்களையும் நடலாம்.

குழியில் தண்ணீர் நிற்கிறது. மூடிவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

முதலில் வேலி. கோடை விடுமுறை வந்தால் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரில் கல்குவாரிக் குட்டையில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராமல் இருப்பதில்லை. விளிம்பு செங்குத்து, உள்ளே ஆழம் தெரியாது, விழுந்தால் பிடித்து ஏற இடம் இருக்காது. ஆகவே ஒரு பக்கத்தையாவது கல்லும் மண்ணும் கொட்டிச் சாய்வாக்குங்கள். விழுந்த பிள்ளையும் ஏறலாம், தண்ணீர் குடிக்க வரும் கடமானும் ஏறலாம், அந்தச் சாய்வின் ஓரத்தில் கோரையும் தவளையும் வரும். கொசுவுக்கு என்று சொல்லி மீன் வாங்கி விடாதீர்கள், அது தவளை முட்டைகளைத் தின்றுவிடும்.

ஆப்பிரிக்காவில் ஒரு குவாரியைக் காடாக மாற்றினார்களே, அதே மாதிரி இங்கே செய்யலாமே?

கென்யாவில் மொம்பாசா பக்கத்து சிமென்ட் ஆலைக் குவாரியைச் சொல்கிறீர்கள். 1971-இல் ரெனே ஹாலர் என்பவர் அங்கே வேலையை ஆரம்பித்தார். உப்பு கலந்த அந்தச் சுண்ணாம்புத் தரையில் தாக்குப்பிடித்த மரமாகச் சவுக்கைத் தேர்ந்தெடுத்தார். சவுக்கின் ஊசிச் சருகு மக்காமல் கிடந்தபோது மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார், அவை சருகைத் தின்று மண்ணாக்கின. எனக்கு மிகவும் பிடித்த கதை. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மரவட்டையை, அதாவது மண் உண்டாவதற்கு யார் வேலை செய்கிறார்கள் என்று தேடிய அந்தப் பொறுமையை. அது கடலோரச் சுண்ணாம்பு, நம்முடையது 1,800 மீட்டர் உயரத்துச் சார்னோக்கைட் என்ற கருங்கல் பாறை. மரத்தை அப்படியே கொண்டுவந்து நட முடியாது.

குறிஞ்சி நடலாமா? பார்க்க அழகாக இருக்குமே.

நீலக்குறிஞ்சி திறந்த சரிவுச் செடிதான், பொருத்தம்தான். 12 வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதைத்து, காய்ந்துவிடும். 2006, 2018-இல் பூத்த இடங்களில் அடுத்தது 2030. விதை வேண்டுமென்றால் அப்போதுதான். இப்போதே தயாராகுங்கள்: புல் இல்லாத கல் தரையில் குறிஞ்சி நிற்காது, உங்களுக்கு இருக்கிற வருஷங்களைப் புல்லுக்குச் செலவிடுங்கள். காட்டிலிருந்து செடியைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள், சட்டப்படியும் தப்பு, செடியும் பிழைக்காது.

மாடு, காட்டுமாடு, தீ?

ஊர் மாட்டை முதல் மூன்று வருஷம் உள்ளே விடாதீர்கள், அதற்கு மாடு வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது எந்த வேலியையும்விட நல்லது. காட்டுமாட்டை நிறுத்த முடியாது, நிறுத்த முயலவும் வேண்டாம், அது நடந்த தடத்தில் மறுபடி நட்டுக்கொள்ளுங்கள். மின்வேலி கூடவே கூடாது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தீக்காலம். ரோட்டுப் பக்கம் பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்து வையுங்கள், சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணம்.

இதெல்லாம் குவாரி எடுத்தவர் செய்ய வேண்டிய வேலை இல்லையா? நாம் ஏன்?

அவர்தான் செய்ய வேண்டும், விடாதீர்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2020 ஜனவரி 8 அன்று இன்னொரு வழக்கில், சுரங்கம் எடுத்தவர்கள் வேலை முடிந்தபின் அந்த இடத்திலும், தங்கள் வேலையால் கெட்ட மற்ற இடங்களிலும் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வாழத் தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகையிலும் சுற்றுச்சூழல் அனுமதியிலும் சுரங்கத் திட்டத்திலும் சேர்க்க உத்தரவிட்டது. புல் என்றே சொன்னார்கள், மரம் என்று சொல்லவில்லை. அந்த வரியைப் படித்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் குவாரியின் சுரங்கத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள், மூடும்போது என்ன செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதில் இருக்கும்.

குத்தகை முடிந்து யாரும் பொறுப்பேற்காத பழைய குவாரிகளுக்கு, 2015 சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியைக் கேட்டு கிராம சபையில் தீர்மானம் போடலாம். எங்கள் விஷயத்தில் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்து, அது இன்னொரு அலுவலகத்துக்குப் போய், திரும்பி முதல் அலுவலகத்துக்கே வர இரண்டு மழைக்காலம் போனது. அந்த இரண்டு மழையில் போன மண் திரும்ப வராது என்பதால்தான் நாங்களே இறங்கினோம். நிலம் புறம்போக்கா, பட்டாவா, வனமா என்பதை முதலில் வருவாய்த்துறையில் பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பொக்லைன் கொண்டுவருவதற்கும் நீலகிரியில் தனி அனுமதி வேண்டும். பணத்தில் பெரும்பகுதி களை எடுக்கும் கூலிக்குத்தான் போகும், நாற்றுக்கு அல்ல. திட்டம் எழுதும்போது ஐந்து வருஷக் களையெடுப்பைச் சேர்த்து எழுதுங்கள்.

எத்தனை வருஷத்தில் முடியும்?

எங்கள் குவாரியில் அரிப்பு நிற்க மூன்று வருஷம், புல் ஒன்றுசேர ஏழு வருஷம். மடிப்புப் பக்கத்தில் நட்ட நாவல் இப்போது என் தோளுக்கு வருகிறது, அவ்வளவுதான். குவாரிக்கு முன்னால் இருந்த புல்வெளியில் இருந்த அத்தனை வகையும் என் ஆயுசில் திரும்பாது.

ஆனால் நட்ட வரிசைக்கு வெளியே, நாம் நடாதது நாம் நடாத இடத்தில் முளைக்க ஆரம்பித்தால் வேலை சரியான பக்கம் போகிறது என்று அர்த்தம். போன டிசம்பரில், மேல் படியில், பாறை வெடிப்பில் ஒரு தவிட்டுப்பழச் செடியைப் பார்த்தேன். ஆறு இலை. ஏதோ ஒரு பறவை பழத்தைத் தின்றுவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு உன்னி நாற்றும் இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினோம்.